மழை பெய்தால் மண் இறுகுகிறதே, ஜிப்சம் போடலாமா?

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையோரம் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். முன்பு மஞ்சள் விளைந்த பூமி. சாயக்கழிவு வந்ததிலிருந்து கிணற்றுத் தண்ணீர் உப்பு. இப்போது சோளத்தட்டும் கொஞ்சம் தென்னையும்தான். மழை பெய்து காய்ந்தால் மண் கல்லாக இறுகிவிடுகிறது. கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: ஐயா, மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்காமல் ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள்.

மழைக்குப் பின்தான் இறுகுகிறது என்கிறீர்களே, அதுவே முக்கியமான தடயம். சாயமேற்ற மூட்டை மூட்டையாகப் போட்ட உப்பும் சோடியம் சல்பேட்டும் ஆற்றோடு வந்து அணையில் தேங்கி, கிணறுகளிலும் இறங்கின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஆனால் மண்ணில் ஏறிவிட்ட சோடியம் உத்தரவு போட்டு இறங்குவதில்லை. உப்புத் தண்ணீர் பாயும்வரை களிமண் துகள்கள் திரண்டு நிற்கும். மழைநீர் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். துகளைப் பற்றிய சோடியம் அங்கேயே இருக்கும். உடனே களி பிரிந்து கலங்கி, மண்ணின் கண்களை அடைத்து, காய்ந்ததும் ஓடாக இறுகும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் மழைநீர் பிடித்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக இறக்குங்கள். கலக்கவோ ஆட்டவோ வேண்டாம். சில மணி நேரம் கழித்து, கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றியதுபோல் கலங்கல் படர்ந்திருந்தால் அது சோடியத்தின் வேலை. கட்டி உதிர்ந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் வெறும் உவராக, அதாவது உப்பு மட்டும் மிகுந்த மண்ணாக இருக்கலாம்; அதற்கு ஜிப்சம் தேவையில்லை, நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும்.

இதை உறுதிப்படுத்துவது ஆய்வகம்தான். மண்ணில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் 4 dS/m-க்கு மேல் என்றால் உவர். கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டி, துகளைப் பற்றியிருக்கும் 'மாறும் சோடியம்' 15 சதவீதத்துக்கு மேல் போனால் களர், அதாவது சோடியம் மிகுந்த மண். 'ஜிப்சம் தேவை' எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்துத் தோட்டத்து அளவு உங்களுக்குப் பொருந்தாது. சாதாரண மண் பரிசோதனையில் குரோமியம் போன்ற உலோகங்கள் தெரியாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

களர் என்று வந்தால் ஐப்பசி மழைக்கு முன்பே வேலையை முடியுங்கள். நிலத்தைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தைத் தூவி மேலாக உழுதுவிடுங்கள். மழைநீர் நின்று மண்ணுக்குள் இறங்கட்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் துகளில் உட்கார்ந்து சோடியத்தைக் கிளப்பும். கிளம்பியது வேருக்குக் கீழே போக வழி வேண்டும். வடிகால் இல்லாத காட்டில் ஜிப்சம் போடுவது காசைக் கரைப்பதுதான். அந்த வடிநீரைப் பக்கத்துக்காரர் கிணற்றுப் பக்கம் திருப்பிவிடாதீர்கள், அவரும் உங்களைப் போலத் தவிப்பவர்தானே.

பிறகு பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கும் முன், 45 நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். தொழுவுரம் எவ்வளவு கிடைத்தாலும் போடுங்கள்.

கிணறு உப்பாகவே இருந்தால் இது ஒரு தடவையில் முடியாது. மஞ்சளை இப்போதைக்கு நினைக்க வேண்டாம். சோளத்தட்டும் பருத்தியும் தாங்கும்.

தண்ணீர் மாதிரி எடுக்கும்போது மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். சோளக்காட்டு மண்ணை அரை அடி ஆழத்தில் எடுங்கள். தென்னைக்கு ஓரடி, இரண்டடி, மூன்றடி எனத் தனித்தனியாக எடுத்து, பைமேல் ஆழத்தை எழுதிக் கொடுங்கள்.