'ஊன மாசிகம்' என்றால் என்ன குறை? – கேள்வி பதில்

புதுச்சேரியில் எங்கள் சமஸ்கிருத வகுப்புக்கு வருகிறவர்களும் அக்கம்பக்கத்தாரும் 'ஊன' என்ற சொல்லைப் பற்றிக் கேட்டவை இவை.

முத்தியால்பேட்டை வாசகர்: அப்பா காலமாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. வாத்தியார் 'ஊன மாசிகம்' என்று நாள் குறித்துக் கொடுத்தார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா, "காரியத்தில் ஏதாவது குறை வைத்துவிட்டோமா?" என்று கலங்குகிறார். என்ன சொல்லித் தேற்றுவது?

எந்தக் குறையும் வைக்கவில்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே குறைவாக இருப்பது மாதம்தான். வடமொழியில் 'ஊன' என்பது பெரும்பாலும் 'இவ்வளவு குறைய' என்று கணக்குச் சொல்லும் சொல். மாதம் நிறைவதற்குச் சற்று முன்னால், பொதுவாக 27ஆம் நாளுக்கு மேல் 30 முடிவதற்குள் செய்வதால் அது ஊன மாசிகம். ஆறு மாதம் நிறையுமுன் ஊன ஷாண்மாசிகமும், வருஷம் நிறையுமுன் ஊனாப்திகமும் வரும். அப்போதும் அம்மா பதறக்கூடாது, இப்போதே சொல்லி வையுங்கள்.

பாணினி இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்கு முன்னால் எது குறைகிறதோ அதைச் சேர்த்துத் தொகையாக்கலாம். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'மாஷோனம்', அதாவது ஒரு மாஷம் குறைவானது. மாஷம் என்பது சிறிய காசு. எவ்வளவு குறைவு என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய சொல் இது. தமிழுக்கு வந்து அளவு உதிர்ந்துபோன பிறகுதான் நம் காதில் இது இவ்வளவு கனமாக விழுகிறது.

லாஸ்பேட்டை மாணவி: இந்தி எண்களில் 'தீஸ்' என்றால் 30. ஆனால் 29ஐ 'உன்தீஸ்' என்கிறார்களே?

அந்த 'உன்' நம் 'ஊன'தான் அம்மா. 19க்கு சமஸ்கிருதத்தில் ஏகோனவிம்சதி: ஏக, ஊன, விம்சதி. ஒன்று குறைய இருபது. ஏக இல்லாமல் ஊனவிம்சதி என்றும் சொல்வார்கள், அதுதான் தேய்ந்து 'உன்னீஸ்' ஆனது. 39 உன்தாலீஸ், 79 உனாசீ என்று இப்படியே போகும். 89 நவாசீ, 99 நின்யான்வே இரண்டும் மட்டும் ஒன்பதில் தொடங்கும். இந்த இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்துவிடு, மற்றவை தானாக வரும். லத்தீனிலும் 19க்கு 'இருபதில் ஒன்று குறைய' என்றுதான் பெயர்.

அரியாங்குப்பம் வாசகர்: ஊன், ஊனம் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஊன் தமிழ்ச் சொல், தசை என்று பொருள். 'ஊனினை உருக்கி' என்று திருவாசகத்தில் வருவது அதுதான்.

நெல்லித்தோப்பு வாசகர்: மூலத்தில் வெறும் கணக்குச் சொல்தானே? அப்படியானால் ஒருவரை 'ஊனமுற்றவர்' என்பதில் என்ன தப்பு?

தப்புத்தான் ஐயா. அந்தச் சொல் இன்று யாரைச் சுடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கல்லாவில் ஒரு ரூபாய் குறைகிறது என்றால் கணக்கு இருக்கிறது. மனிதரை எந்தக் கணக்கில் வைத்துக் குறைவு என்பது? மாற்றுத்திறனாளி என்றே சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகர், கடலூர்: சுவடிப் பட்டியலில் 'அபூர்ணம்' என்று போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

பக்கத்தில் வரும், ஒன்றல்ல. பூர்ணம் நிறைந்தது, அபூர்ணம் நிறையாதது. பட்டியலில் அப்படிப் போட்டால், நூல் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். அஸமாப்தம் வேறு, அது எழுதி முடிக்கப்படாதது. முழுதாக எழுதி, பிறகு கரையான் தின்றதை அஸமாப்தம் என்று சொல்வது எழுதினவருக்குச் செய்யும் அநியாயம். இங்கே பிரெஞ்சு நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடிகள் ஏராளம். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் ஏறியிருக்கின்றன. ஓலைச்சுவடி பார்க்கக் கிடைத்தால் ஏட்டின் ஓரத்தில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். 12க்கு அடுத்து 15 வந்தால் இரண்டு ஏடு போயிருக்கிறது. அதற்கு 'ஊன' சரியாகப் பொருந்தும்.

வில்லியனூர் வாசகர்: பூஜை முடிவில் 'ந்யூனம் ஸம்பூர்ணதாம் யாதி' என்று சொல்கிறோமே?

அதே ஊனத்தோடு 'நி' சேர்ந்தது ந்யூனம். யாரை நினைத்துப் பெயரைச் சொன்னதும் தவம், பூஜை, கிரியைகளில் குறைந்தது உடனே நிறைவாகிறதோ, அந்த அச்யுதனை வணங்குகிறேன் என்பது சுலோகம்.

லாஸ்பேட்டை மாணவி: இன்னொன்று சார். வேத கணித வகுப்பில் 'ஏகந்யூனேன' என்று ஒரு சூத்திரம் வருகிறது.

'ஒன்று குறைத்து' என்று பொருள். 46ஐ 99ஆல் பெருக்கிப் பார். 46இல் ஒன்று குறைத்தால் 45. 99இல் அந்த 45 போனால் 54. விடை 4554.