ஆறு பேர் ஆட்டத்தை ஒத்தையில் ஆடலாமா?

வாசகர் கேள்வி – மண்டபத்திலிருந்து பதில்

கேள்வி (கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்): அண்ணே, தடைக்காலம் என்பதால் அப்பாவின் போட்டு கரையில் கிடக்கிறது, நான் வீட்டில் கிடக்கிறேன். செல்போனில் 'பால்டர்ஸ் கேட்' என்ற சாகச வீடியோ கேமின் முதல் பாகம் ஆடுகிறேன். ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு போகிற இந்த ஆட்டத்தை ஒரே ஆளை வைத்து முடிக்கலாம் என்கிறான் நண்பன். எனக்கு முதல் சத்திரத்து வாசலிலேயே நான்கு தடவை உயிர் போய்விட்டது. அவன் கதை விடுகிறானா?

பதில்: கதை இல்லை தம்பி, முடியும். நானே முடித்திருக்கிறேன், மூன்றாவது முயற்சியில்.

1998இல் வந்த ஆட்டம் என் கைக்கு 2003இல்தான் கிடைத்தது. அப்போது மண்டபத்தில் நான்கு கம்ப்யூட்டரோடு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஐந்து சிடி. ஹார்டு டிஸ்கில் இடம் இல்லாததால் பாதியைத்தான் ஏற்றினேன். புது ஊருக்குள் நுழையும்போதெல்லாம் "அடுத்த சிடியைப் போடு" என்று கேட்கும். நான் தனி ஆளாக ஆடியதற்குக் காரணம் வீரம் இல்லை. "அண்ணே, என் நேரம் முடிஞ்சிருச்சா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் ஆறு பேரை மேய்க்க முடியாது. ஒருத்தன் என்றால் சமாளிக்கலாம்.

நீ செத்த இடத்துக்கு வருவோம். ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்துப் படிக்கட்டில் டார்னெஷ் என்ற மந்திரவாதி நிற்பான். கிட்டே வந்து நைச்சியமாகப் பேச்சுக் கொடுப்பான். அடுத்து அவனைச் சுற்றி அவனைப் போலவே பிம்பங்கள் முளைக்கும். நீ வெட்டுவது எல்லாம் பிம்பத்தில் போகும். பிறகு பயமூட்டும் மந்திரம். உன் ஆள் நீ சொல்வதைக் கேட்காமல் முற்றத்தில் அங்குமிங்கும் ஓடுவான், டார்னெஷ் நின்ற இடத்திலிருந்து சுடுவான். ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர் ஓடினாலும் மற்றவர்கள் அடிப்பார்கள். உனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வாசலுக்கு நீ ஏன் போனாய்? காலித், ஜஹேரா இரண்டு பேரையும் சந்தித்துச் சேர்த்துக்கொள்ள. யாரையும் சேர்க்கப் போவதில்லை என்றால் உனக்கு அங்கே என்ன வேலை? தெற்கே நாஷ்கெல் சுரங்கத்துக்கு நேராகப் போனாலும் கதை நகரும். நான்கு லெவல் ஏறியபின் வந்து டார்னெஷைப் பார்த்துக்கொள். அவன் மந்திரத்தை முணுமுணுக்கத் தொடங்கியதும் ஒரு அம்பு பட்டால் போதும், மந்திரம் கலைந்துவிடும். ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி ஆடு, அவசரப்படாதே.

இப்போது லாபக் கணக்கு. இது உனக்கு உடனே புரியும். போட்டில் பிடித்ததைப் பங்கு பிரிப்பார்கள்; தெப்பத்தில் தனியாகப் போனவனுக்கு மீன் மொத்தமும் அவனுடையது. இந்த ஆட்டத்திலும் அப்படித்தான். எதிரியைக் கொன்றால் வரும் அனுபவப் புள்ளியைக் கூட இருக்கிற தலைகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பார்வையாலேயே கல்லாக்கும் பெசிலிஸ்க் என்ற பல்லியில் பெரியதைக் கொன்றால் 7,000 புள்ளி. ஆறு பேர் என்றால் ஆளுக்கு 1,166. திருடன் இரண்டாம் லெவலுக்குப் போகவே 1,250 வேண்டும், அதற்குக்கூடக் காணாது. தனி ஆளாகக் கொன்றால் அதே திருடன் ஒரே அடியில் நான்காம் லெவலுக்குப் போய்விடுவான். கல்லாகாமல் காக்கும் மந்திரம் முதல் படி மந்திரம்தான். மந்திரவாதியாக இருந்தால் கற்றுக்கொள். இல்லாவிட்டால் அதற்கான சுருளை வாங்கி வைத்துக்கொள். நேரம் தீருவதற்குள் அடித்துவிட்டு ஓடு.

ஆனால் அந்த லாபத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது, உன் நண்பன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். உன் செல்போனில் இருக்கும் பதிப்பில் ஒரு ஆளுக்கு 1,61,000 புள்ளிக்கு மேல் ஏறாது. ஆறு பேர் இருந்தால் கடைசிவரை லெவல் ஏறிக்கொண்டிருப்பார்கள். தனி ஆள் கதை முடிவதற்கு வெகு முன்பே அந்த வரம்பில் போய் முட்டிக்கொள்வான். அதற்குப் பிறகு எதைக் கொன்றாலும் ஒரு புள்ளி ஏறாது, போர்வீரன் எட்டாம் லெவலோடு நிற்பான். தொடக்கத்தில் பலமும் கடைசியில் சலிப்பும் அதனால்தான்.

அடுத்தது, அடி வாங்கிச் சாகிறதைப் பற்றிக் கவலைப்படாதே. நல்ல கவசம் போட்டால் அதைத் தாங்கலாம். அசையவிடாமல் கட்டிப்போடுகிறவற்றுக்குப் பயப்படு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உடம்பு முழுக்க இரும்பு, ஏழாம் லெவல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பால்டர்ஸ் கேட் நகரத்துச் சாக்கடைக்குள் இறங்கினேன். அழுகியதைத் தின்னும் ஒரு பெரிய புழு, கேரியன் கிராலர் என்று பெயர், ஒரு தடவை தொட்டது. என் ஆள் சிலையாக நின்றான். பக்கத்தில் ஒரு தோழன் இருந்திருந்தால் புழுவை வெட்டியிருப்பான். நான் கையைக் கட்டிக்கொண்டு, உயிர் துளித்துளியாகக் குறைவதை ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்தேன். சேவ் செய்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. பிணந்தின்னிகள் தொட்டாலும் இதே கதிதான். 'ஃப்ரீடம்' என்ற மருந்துக் குப்பி கிடைத்தால் விற்காதே. அதைக் குடித்திருந்தால் உன்னைக் கட்டிப்போட முடியாது.

எந்த ஆளை எடுப்பது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அரை எல்ஃப் (மனிதனுக்கும் எல்ஃப் என்ற கற்பனை இனத்துக்கும் பிறந்தவன்), போர்வீரன்-மந்திரவாதி-திருடன் மூன்றும் கலந்தவன். புள்ளி மூன்றாகப் பிரிவதால் மெதுவாக வளர்வான், ஆனால் பூட்டு, பொறி, மந்திரம் எதற்கும் அடுத்தவரிடம் போக வேண்டாம். வெறும் போர்வீரனை எடுத்துக்கொண்டு பொறி வைத்த பெட்டியைத் திறந்து பார், தெரியும்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்கிற வாசகி, தொண்டி): என் வீட்டுக்காரர் இரண்டாம் பாகத்தைத் தனியாக ஆடுகிறேன் என்று விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். எப்போது முடியும்?

பதில்: முதல் பாகத்தின் அனுபவப் புள்ளி வரம்பு 1,61,000, இரண்டாம் பாகத்துக்கு முதலில் வந்த பதிப்பில் அது 29,50,000. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் தங்கச்சி. ஆனால் அதில் 'சிறைவைக்கும்' மந்திரம் ஒன்று உண்டு. தனி ஆள்மேல் அது விழுந்தால் விடுவிக்க யாரும் இல்லை, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் காபி கொடுத்தால் எழுந்து வந்துவிடுவார்.

கேள்வி (அதே தங்கச்சிமடம் மாணவர், இரண்டாவது கடிதம்): தனியாக ஆடுவதில் நீங்கள் வருத்தப்பட்டது உண்டா?

பதில்: ஒன்றே ஒன்று. வளர்ப்புத் தந்தை கோரியன் செத்த மறுநாள் காலையில், கூட வளர்ந்த இமோயன் பின்னாலேயே வந்து நிற்பாள். "நானும் வருகிறேன்" என்பாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் அந்த இடத்தில் எழுந்து போய் கஸ்டமர் கணக்கு நோட்டைப் புரட்டிவிட்டு வந்துதான் அந்தப் பதிலை அழுத்தினேன்.