பழைய வீட்டுக் கழிவுக் குழாய்க்குள் கேமரா: டர்பன்வாசிகளின் கேள்விகள்

டர்பனில் கிரேவில், மேவில், கிளேர்வுட் பக்கமெல்லாம் பழைய வீடுகள் கைமாறுகின்றன. தாத்தா காலத்துத் தகரக்கூரை வீட்டை வாங்கி, சுவரைத் தட்டி, பின்பக்கம் இரண்டு அறை சேர்த்து வாடகைக்கு விடுகிறார்கள். மேலே எல்லாம் புதுசு, மண்ணுக்குள் கிடப்பது எழுபது எண்பது வருஷத்துக் குழாய். முப்பது வருஷமாக இந்த ஊரில் ப்ளம்பர் வேலை செய்கிறேன். வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை கழிவுக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடுங்கள் என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இது.

அண்ணா, ஓவர்போர்ட்டில் 1940களில் கட்டிய வீடு பார்த்திருக்கிறோம். டாய்லெட்டில் தண்ணீர் நன்றாகத்தான் போகிறது. கேமரா விட்டுப் பார்க்கணுமா?

பார்க்கணும்மா. அந்தக் காலத்தில் போட்டது சுட்ட மண்குழாய். இரண்டடி, மூன்றடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்துச் சேர்த்திருப்பார்கள். வீட்டிலிருந்து ரோடு வரை இருபது மீட்டர் என்றால் இருபதுக்கும் மேல் ஜாயிண்ட். அதில் நாலைந்து விட்டுப்போனாலும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும். போகிற தண்ணீரில் பாதி மண்ணுக்குள் போவது மேலே நிற்கிற நமக்குத் தெரியாது.

நம்ம ஊரில் இதை இன்னும் கவனமாகப் பார்க்கணும். ஊருக்கு நடுவே இருக்கிற பெரியா (Berea) மேட்டில் இருப்பது செம்மணல். காய்ந்திருக்கும்போது கெட்டியாக நிற்கும், வெட்டினால் சுவர் மாதிரி இருக்கும். தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். ஜாயிண்டில் கசிகிற தண்ணீர் சுற்றியிருக்கிற மணலைக் கரைத்துக் குழாய்க்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகும். வெளியே பள்ளம் எதுவும் தெரியாது. தரைக்கு அடியில் மட்டும் ஒரு பொந்து வளரும். கேமரா படத்தில் குழாயின் அடிப்பக்கம் மெல்லிய சிவப்புக் கோடாக மணல் படிந்திருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அந்த மணல் வீட்டின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம்.

கேமரா விடுகிறவர் சரியாகத்தான் பார்த்தார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும், அங்கிள்?

நல்ல கேள்வி தம்பி. என் அக்கா வீட்டிலேயே இது நடந்தது. நான் ஊரில் இல்லாத சமயம் ஒருவர் வந்து கேமரா விட்டு, "எல்லாம் சரி" என்று ஒரு பக்கத் தாள் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்தில் வராந்தா மூலை இறங்கியது. அந்தப் படத்தை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். குழாயைக் கழுவாமலே கேமராவை விட்டிருக்கிறார். பாதிப் படத்தில் லென்ஸ் கலங்கல் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கிறது. அக்கா அழுததை இன்னும் மறக்கவில்லை.

அதனால் முதலில் பிரஷர் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு கேமரா. ஓட்டும்போது நீங்களும் திரை பக்கத்தில் நில்லுங்கள். மூலையில் மீட்டர் எண் ஓடணும். 7.4 மீட்டரில் விரிசல் என்றால் அந்த எண் படத்திலேயே இருக்கணும். கேமராத் தலையில் 512 ஹெர்ட்ஸ் சிக்னல் விடுகிற சின்னக் கருவி உண்டு. மேலே லொகேட்டரைப் பிடித்து நடந்தால் கேமரா எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். அங்கே தரையில் பெயின்ட் அடித்துக் குறி போடச் சொல்லுங்கள். குறி இல்லாவிட்டால் பிறகு முற்றம் முழுக்கத் தோண்டவேண்டி வரும். முழு வீடியோவும் உங்கள் கைக்கு வரணும், நாலு போட்டோ போதாது.

இன்னொன்று. ஓடும்போது கேமரா திடீரென்று தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு மீட்டர் கழித்து மேலே வந்தால், அந்த இடத்தில் குழாய் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, போய்விட்டது. எண்ணெயும் கழிவும் அங்கேதான் வந்து தேங்கும்.

பின்முற்றத்தில் மலைவேம்பு நிற்கிறது, சிரிங்கா என்பார்களே அதுதான். ஆயா அதன் இலையை மாரியம்மன் பூஜைக்கு எடுப்பார். குழாயில் வேர் என்று சொல்லி மரத்தை வெட்டச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். நல்ல குழாயை வேர் உடைத்துக்கொண்டு உள்ளே போவது அபூர்வம். ஏற்கெனவே கசிகிற ஜாயிண்டில் ஈரத்தைத் தேடித்தான் வரும். முதலில் முடி மாதிரி ஒரு இழை. திரையில் பார்த்தால் நனைந்த கூந்தல் தொங்குவது போல இருக்கும். அதில் பேப்பர் சிக்கி, வேர் தடித்து, பிறகுதான் ஜாயிண்டைப் பிளக்கும். மரத்தை வெட்டினாலும் கசிவு அப்படியேதான் இருக்கும். லிச்சி மரத்து வேரோ பக்கத்து வீட்டு மா வேரோ நாளைக்கு வரும். வேரை மிஷினால் அறுத்து எடுத்துவிட்டு, குழாய் உருக்குலையாமல் இருந்தால் உள்பக்கம் ரெசின் லைனிங், அதாவது பழைய குழாய்க்குள் இறுகி நிற்கிற ஒரு புது உறை, போடலாம், தோண்டத் தேவையில்லை. துண்டு உடைந்து இறங்கியிருந்தால் லைனிங் நிற்காது, அந்த இடத்தை மட்டும் தோண்டி யூபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடணும். ஆயாவிடம் மரம் இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.

விற்கிறவர் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதிவிட்டார். பிறகு குழாய் உடைந்தால் கேட்க முடியாதா?

இருக்கிறது இருக்கிறபடி வாங்கிக்கொள் என்பதுதான் அந்த வார்த்தை. ஆனால் குறை தெரிந்தும் வேண்டுமென்றே மறைத்தவரை அது காப்பாற்றாது. ஏஜென்ட் மூலம் விற்றால் 2022 பிப்ரவரி 1 முதல், தெரிந்த குறைகளை விற்பவர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். கஷ்டம் என்னவென்றால், அவருக்குத் தெரியும் என்று நீங்கள்தான் நிரூபிக்கணும். மின் சான்றிதழ் வாங்குகிறோம், மரத்தை அரிக்கிற வண்டு இல்லை என்கிற வண்டு சான்றிதழ் கேட்கிறோம். இரண்டிலும் கழிவுக் குழாய் வராது. ஆஃபர் எழுதும்போதே "கேமரா பரிசோதனை திருப்தியாக இருந்தால்" என்று ஒரு நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். வார்த்தைகளை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

மழை பெய்தால் மட்டும் எங்கள் மேன்ஹோல் பொங்குகிறது.

நம்ம ஊரில் மழைத் தண்ணீருக்கு வேறு லைன், கழிவுக்கு வேறு லைன். யாரோ கூரைத் தண்ணீரைக் கழிவு லைனில் விட்டிருக்கிறார்கள், அல்லது முற்றத்தில் சிமென்ட் போட்டுப் போட்டுத் தரை உயர்ந்து, கல்லி (வீட்டுக்கு வெளியே கழிவுத் தண்ணீர் விழுகிற திறந்த வாய்) தரைமட்டமாகி மழைத் தண்ணீரைக் குடிக்கிறது. கல்லியைச் சுற்றி விளிம்பை உயர்த்திக் கட்டுங்கள். கூரைக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி, மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். நிறம் வந்தால் கூரைத் தண்ணீர் கழிவு லைனில்தான் சேர்கிறது. அது சட்டவிரோதம், மாற்றணும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு முன்னால் சரியாக இருந்து அதற்குப் பிறகு ஆரம்பித்தது என்றால், மண் நகர்ந்திருக்கலாம், கேமரா விடுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில் ஒட்டு வீடு. பக்கத்து வீட்டுக் கழிவும் எங்கள் முற்றம் வழியாகப் போகிறது. செலவு யாருக்கு?

முனிசிபாலிட்டி லைனில் சேரும் இடம் வரை வீட்டுக்காரர் பொறுப்பு, அதற்கு அப்பால் ஈதெக்வினி, அதாவது டர்பன் முனிசிபாலிட்டி. உங்கள் முற்றத்தில் ஓடுவது முனிசிபாலிட்டியின் லைனாகவே இருக்கலாம், சாட்ஸ்வொர்த்தில் வீடுகளுக்குப் பின்னால் அப்படிப் போவது உண்டு. பிளானை எடுத்துப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான தனி லைன் என்றால் கேமராச் செலவைப் பங்கு போட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவைத்துத் திரையில் காட்டுங்கள்.

காஸ்டிக் சோடா ஊற்றினால் சரியாகுமா?

வேண்டாம்மா. கொழுப்போடு சேர்ந்து அது உள்ளேயே சோப்பாக இறுகிவிடும், பிறகு குழாயைத் திறக்கிறவர் கையும் கண்ணும் வெந்துபோகும். புரட்டாசியில் வடை சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றாமல் டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

பின்பக்கம் மூன்று அறை, மூன்று டாய்லெட் கட்டப்போகிறேன். பழைய குழாயிலேயே சேர்க்கலாமா அண்ணா?

பிளான் பாஸ் ஆகிவிட்டதா? முதலில் அதைப் பாருங்கள். பிறகு, தரை போடுவதற்கு முன்னால் கேமரா விடுங்கள். நாலு பேருக்குப் போட்ட குழாயில் பன்னிரண்டு பேர் கழிவு போகப்போகிறது. புது இணைப்பைப் பழைய மண்குழாயை உடைத்து ஓட்டை போட்டுச் செருகுவார்கள். அப்படிச் செருகின குழாய் முனை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்பதைத் திரையில் எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். வருகிற எல்லாம் அந்த முனையில் மாட்டும். சரியான ஜங்ஷன் துண்டு வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள், 60 மீட்டருக்கு 1 மீட்டர் வாட்டம் இருக்கிறதா என்று லெவல் வைத்துப் பாருங்கள். மண் மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை கேமரா ஓட்டி அந்த வீடியோவை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நான் மேவில் பக்கம்தான் இருப்பேன், தோண்டின குழியை மூடாமல் வைத்திருந்தால் வந்து பார்த்துச் சொல்கிறேன்.