டயர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கானாடுகாத்தானில் இருந்து ஓர் ஆச்சி: மகன் சிங்கப்பூர் போகும்போது விட்டுச் சென்ற மொபெட் ஐந்து ஆண்டுகளாக முகப்பில் நிற்கிறது. டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) தேயவே இல்லை. மெக்கானிக் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை ஆச்சி. ஓடாத டயரும் கெடும். காற்றிறங்கி ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் ரப்பரில் வெடிப்பு விழும். டயரின் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், மயிரிழை போல வெடிப்புகள் தெரியும். புது டயர் போட்டபின் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மாதம் ஒருமுறை காற்று பார்க்கச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகர்: காசு கொடுத்து நைட்ரஜன் அடிக்கலாமா?

வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

காரைக்குடி வாசகர்: பாதி விலைக்குப் புது டயர் என்று வாங்கினேன். மூன்றே மாதத்தில் பக்கவாட்டில் பிளந்துவிட்டது. துண்டுச் சீட்டில்தான் விலை எழுதித் தந்தார். இப்போது பில் இல்லை என்று விரட்டுகிறார்.

உங்கள் மீது தவறில்லை. எனக்கும் இப்படி நடந்தது. கன்னங்கரேலென்று மினுங்கிய டயரை நம்பி வாங்கினேன். குன்றக்குடி சாலையில் அது பிளந்தபோது பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் பாலீஷைத் துடைத்தேன். 1116 என்ற எண் தெளிந்தது: 2016ஆம் ஆண்டின் 11ஆவது வாரம். நான் வாங்கியதோ 2022இல்! டயரின் பக்கவாட்டில் இருக்கும் அந்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய சரக்கைக் கறுப்படித்துப் புதிதென்று விற்பது உயிரோடு விளையாடுவது. இதை எத்தனை முறை எழுதினாலும் என் கோபம் தணிவதில்லை.

பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். துண்டுச் சீட்டையும் பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். எண் தெரியும்படி டயரைப் படமெடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

புதுவயல் வாசகர்: மொபெட்டில் இரண்டு மூட்டை அரிசி ஏற்றுவேன். பின் டயர் மொட்டைதான், ஆனால் ஓடுகிறது. வாரம் ஒரு பஞ்சர். எந்த டியூப் நல்லது?

எந்த டியூபும் தாங்காது. மொட்டை டயரில் கருவேல முள் நேராக டியூபுக்குப் போகும். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுவதால் சீக்கிரம் தேயவும் செய்யும். போன மாதமும் இதையேதான் கேட்டிருந்தீர்கள். டயரை மாற்றுங்கள், மூட்டையைக் குறையுங்கள். வாகனக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, ஓட்டுவதற்கு முன் டயர் சூடில்லாதபோது காற்றடியுங்கள். அதுவரை அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

பள்ளத்தூர் வாசகி: டயர் பளபளக்க மண்ணெண்ணெய் தடவலாமா?

கூடாது. ரப்பர் ஊறிப் பலமிழக்கும். செம்மண்ணைக் கழுவத் தண்ணீர் போதும்.