ஒரே பிளாட்ஃபார்மில் (பல கார்களுக்குப் பொதுவான அடித்தளத்தில்) செய்தால் ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடுமா?

ஆகாது. ஆனால் டிசைனரின் கை ஓரளவு கட்டப்பட்டுவிடும். ஃபோக்ஸ்வாகன் 2012-இல் கொண்டுவந்த எம்கியூபி என்ற பிளாட்ஃபார்மில் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்), அகலம் எல்லாம் மாற்றலாம். முன் அச்சுக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மட்டும் மாறாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு அழகு தரும் நீண்ட முன்பக்கத்துக்கு அந்தத் தூரம்தான் அதிகமாக வேண்டும்! அடித்தளமே ஸ்போர்ட்ஸ் காருக்கென்று போடப்பட்டிருந்தால் கவலையில்லை. டயோட்டா ஜிஆர் சுப்ரா மூடிய கூபே, பிஎம்டபிள்யூ இசட்4 திறந்த ரோட்ஸ்டர். அடித்தளம் ஒன்றுதான், பார்த்தால் சொல்ல முடியாது.

எலக்ட்ரிக் கார்களில்தான் நிஜமான தலைவலி. பேட்டரி தரைக்கடியில் போனால் இருக்கை உயரும், அப்புறம் கூரையும் உயரும். இதைத் தவிர்க்க, 2019-இல் வந்த போர்ஷே டைகானில் பின் இருக்கைக்காரர் கால் வைக்கும் இடத்தில் பேட்டரியில் பள்ளம் விட்டார்கள். அதனால் அவர் தாழ்வாக உட்காரலாம், கூரையும் தாழ்ந்தே இருக்கும். 2021-இல் காட்டிய மிஷன் ஆர் மாதிரிக் காரில் பேட்டரியையே ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். இரண்டு இருக்கைக் கார்களுக்கு இதுதான் சரியான வழி என்பேன். நான்கு பேர் உட்கார வேண்டுமென்றால் பள்ளம்தான் கதி.