ஆர்.வி.யில் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) போகும்போது காற்று பலமாக வீசும் புல்வெளியில் நிறுத்தி மலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் அப்படி என்ன இருக்கிறது? பயமாக இருக்காதா?

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓட்டும்போது பயமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஒழுங்காக நிறுத்திவிட்டால் பயம் போய்விடும், சத்தம் மட்டும்தான் பாக்கி. அப்படி என்ன இருக்கிறது என்கிற முதல் கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளும்.

நான் சொல்லப்போகிற இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்கு விளிம்பு. ராக்கி மவுண்டன் ஃப்ரன்ட் என்கிறார்கள். அகஸ்டா, ஷோட்டோ, பிரவுனிங், செயின்ட் மேரி என்று 287, 89 ஆம் எண் நெடுஞ்சாலைகளைப் பிடித்து வடக்கே போனால் இடது கைப்பக்கம் மலை, வலது கைப்பக்கம் புல். மணிக்கணக்காக அதுதான். சிலருக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தால் எனக்கும் சலிக்கும். இது உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஊர்.

பொதுவாக ஒரு மலைத்தொடரை நெருங்கும்போது முதலில் சின்னக் குன்றுகள், அப்புறம் பெரிய குன்றுகள் என்று படிப்படியாக வரும். இங்கே அதெல்லாம் அவ்வளவாகக் கிடையாது. சமவெளியே கிட்டத்தட்ட 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. அது முடிகிற இடத்தில் சுண்ணாம்புக்கல் பாறை சுவர் மாதிரி எழும்பி, இன்னொரு நாலாயிரம், ஐயாயிரம் அடி மேலே போகிறது. ஷோட்டோவுக்கு மேற்கே உள்ள ராக்கி மவுண்டன் சிகரம் 9,392 அடி. மேற்கிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் மலை வாங்கிக்கொண்டுவிடுவதால் கிழக்கே மரத்துக்குப் போதுமான மழை இல்லை. ஆகவே புல். மரம் இல்லாததால் காற்றைத் தடுக்க ஆளில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பார்க்கிற சுகம் இரண்டு மடங்காகும். பசிபிக் பக்கமிருந்து வரும் காற்று மலை ஏறும்போது ஈரத்தை மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. ஈரம் குளிர்ந்து நீராகும்போது வெப்பம் வெளியாவதால், ஏறும் காற்று அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. இந்தப் பக்கம் இறங்கும்போதோ காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டர் இறக்கத்துக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடாகிறது. ஏறிய கணக்கும் இறங்கிய கணக்கும் ஒன்றல்ல. அதனால் கிளம்பிய சூட்டைவிட அதிகச் சூட்டோடு வந்து சேர்கிறது. இதற்கு ஷினூக் என்று பெயர். 1972 ஜனவரி 14, 15 தேதிகளில் மொன்டானாவில் லோமா என்கிற சின்ன ஊரில், 24 மணி நேரத்துக்குள் வெப்பநிலை மைனஸ் 48 டிகிரி செல்சியஸிலிருந்து ஏறக்குறைய 9 டிகிரிக்கு ஏறியது. அது இதே காற்றின் வேலைதான்.

கோடையில் போகிற நாம் அந்தக் குளிர்கால ஆட்டத்தைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் காற்று உண்டு. பிரவுனிங்குக்கு மேற்கே மரையாஸ் கணவாய் 5,213 அடிதான். சுற்றியுள்ள மலைகளுக்கு நடுவே அது திறந்த வாசல். அந்த வழியாகப் பிதுங்கிக்கொண்டு வரும் காற்று சமவெளியில் விரிகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தப் பக்கம் காலிச் சரக்கு ரயில் பெட்டிகளையே காற்று கவிழ்த்திருக்கிறது, ஆகவே அம்மியைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சரி, என்ன பார்க்கலாம்?

புல்லைத்தான் முதலில் சொல்வேன். எல்லோரும் மலையைப் பார்த்து ஃபோட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். புல் அலை அடிப்பதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு வெளுப்புப் பட்டை தூரத்துச் சரிவில் தோன்றி, உங்களை நோக்கி ஓடிவந்து, வண்டிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகும். அது போய் முடிவதற்குள் அடுத்தது. புல் சாயும்போது இலையின் வேறொரு முகம் வெயிலுக்குத் திரும்புகிறது. அதனால்தான் அந்த நிற மாற்றம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புல் நுனியில் வீசும் காற்றைவிட அந்த அலை வேகமாக ஓடும். புல்லுக்குள் காற்று கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கிறது, மேலே வேகமாகப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் உராய்ந்து பெரிய பெரிய சுழல்கள் உருள்கின்றன. மேலிருக்கும் வேகத்தைச் சுமந்துகொண்டு வரும் அந்தச் சுழல்கள் புல்லை அழுத்தும் இடங்கள்தான் நம் கண்ணுக்கு அலையாகத் தெரிகின்றன. வெளியே நின்றால் இதை உணரலாம்: முகத்தில் படும் காற்று சீராக இருப்பது போலிருக்கும், திடீரென்று ஒரு தள்ளு வரும், அதே நொடியில் காலடியில் புல் படுத்துவிடும்.

கிட்டப் போய்க் குனிந்து பார்க்கவும் ஒன்று இருக்கிறது. மண் வெறுமையாகத் தெரிகிற இடத்தில் ஒற்றையாக நிற்கும் புல் தூரைத் தேடுங்கள். வளைந்த இலையின் நுனி மண்ணைத் தொட்டுக்கொண்டு காற்றில் இப்படியும் அப்படியும் ஆடி ஆடி, தூரைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு கோடு கீறியிருக்கும். காம்பஸ் வைத்துப் போட்டது போல அவ்வளவு சுத்தமான வளைவு. அதன் நடுப்பகுதி எந்தப் பக்கம் ஆழமாக இருக்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்துதான் காற்று அதிகமாக வீசியிருக்கிறது.

அப்புறம் மேகம். மலை முகட்டுக்கு மேலே, அல்லது நமக்கு நேர் மேலே, தட்டை அடுக்கி வைத்த மாதிரி வழவழப்பான மேகங்கள் அசையாமல் நிற்கும். கீழே கொடிக்கம்பத்தில் கொடி கிழிந்துகொண்டிருக்கும்போது மேலே மேகம் மட்டும் எப்படி நிற்கிறது? உண்மையில் அது நிற்கவில்லை. மலையைத் தாண்டிய காற்று மேலும் கீழுமாக அலை அலையாகப் போகிறது. அலை மேலே எழும் இடத்தில் ஈரம் குளிர்ந்து மேகமாகிறது, கீழே இறங்கும் இடத்தில் கரைந்துவிடுகிறது. மேற்கு ஓரத்தில் புதிதாகப் பிறந்துகொண்டே, கிழக்கு ஓரத்தில் அழிந்துகொண்டே இருக்கிற மேகம் அது. ஒரு ஓரத்தையே கண் எடுக்காமல் இரண்டு நிமிடம் பார்த்தால் அது கரைவது தெரியும். தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது. இந்த மேகம் தெரிகிற நாளில் காற்று லேசில் அடங்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஆர்.வி.க்கு என்ன வேலை, காரிலிருந்தே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். காரிலிருந்து பத்து நிமிடம் பார்க்கலாம். இங்கே வேண்டியது அரை நாள். வெளியே நாற்காலி போட்டு உட்கார முடியாது. நாற்காலி முதலில் போகும், தொப்பி அதற்கும் முன்னால். காற்றுக்குள் இருந்துகொண்டே காற்றுப் படாமல் உட்கார ஒரு பெரிய கண்ணாடி வேண்டும். அது ஆர்.வி.யின் முன்கண்ணாடி.

அந்தக் கண்ணாடி விஷயத்தில் இந்த ஊரில் ஒரு பெரிய வசதி உண்டு. பலத்த காற்றில் ஆர்.வி.யை எப்படி நிறுத்த வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பு என்பார்கள். பக்கவாட்டில் அறைந்தால் வண்டி ஆடும். நேராக வந்தால் பிரிந்து இரண்டு பக்கமும் போய்விடும். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. மலையும் மேற்கில்தான் இருக்கிறது. ஆக, வண்டிக்குப் பத்திரமான திசையும் நமக்கு வேண்டிய காட்சியும் ஒன்றாகிவிடுகின்றன. ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்துகொண்டு காலை நீட்டிப் பார்க்க வேண்டியதுதான். ஒரு குறை: ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை இருக்கும் கிளாஸ் சி வண்டி என்றால் மேகத்தைப் பார்க்கக் கொஞ்சம் குனிய வேண்டும்.

நிறுத்தியபின் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆனிங் என்கிற பக்கவாட்டுப் பந்தலை விரிக்கவே கூடாது. காற்று இல்லாத நேரத்தில் விரித்திருந்தாலும், வண்டியை விட்டு நகரும் முன் சுருட்டிவிடுங்கள். ஆர்.வி.யில் காற்று உடைக்கிற முதல் பொருள் அதுதான். ஸ்லைடு-அவுட் (நிறுத்தியபின் சுவரோடு வெளியே நீட்டி அறையை அகலமாக்கும் பகுதி) இருந்தால் இரவில் உள்ளே இழுத்துவிடுவது நல்லது. அதன் மேல் போட்டிருக்கும் துணி விடிய விடியப் படபடத்துத் தூங்க விடாது. கூரை வென்ட்டுகளை மூட வேண்டும். கதவைத் திறக்கும்போது கைப்பிடியை விடவே கூடாது, குழந்தைகளிடம் அந்த வேலையைக் கொடுக்கவும் கூடாது. புரொபேன் வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் பக்கச் சுவரில் உள்ள அதன் துவாரம் வழியாகக் காற்று புகுந்து தீயை அணைத்துவிடலாம். அவ்வப்போது அதன் விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரவு தூக்கம் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏணியில் ஒரு சத்தம், ஏசி மூடியில் ஒரு சத்தம், ஆன்டெனாவில் ஒரு ஊளை. மேஜை மேல் பாட்டிலில் தண்ணீர் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். பாதி ராத்திரியில் வண்டி ஒரு உலுக்கு உலுக்கும்போது எழுந்து உட்காராதவர்கள் குறைவு. எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்ற பயணமில்லை, அவ்வளவுதான்.

ஓட்டுவது வேறு கதை. 25 அடி நீள வண்டியின் பக்கச் சுவர் ஏறக்குறைய 20 சதுர மீட்டர். மணிக்கு 40 மைல் காற்று அதில் நேராக அறைந்தால் சுமார் 400 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். காற்றின் வேகம் 60 மைலானால் அது 900 கிலோவாகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதுதான் கணக்கு. இதைவிட மோசம், இந்தத் தள்ளு விட்டுவிட்டு வருவது. குன்றை வெட்டிப் போட்ட சாலையில் நுழைந்தவுடன் காற்று நின்றுவிடும். அதுவரை இடது பக்கம் இழுத்துப் பிடித்திருந்த ஸ்டியரிங்கை நேராக்குவீர்கள். வெட்டு முடிந்து வெளியே வந்த கணத்தில் மறுபடி அறையும். எதிரே லாரி வந்து கடக்கும்போதும் இதே கதை. வடக்கே போகும்போது காற்று முழுக்கப் பக்கவாட்டுதான் என்பதால் 89 ஆம் எண் சாலை, அதிலும் பிரவுனிங்கிலிருந்து செயின்ட் மேரி வரையிலான வளைவுகள், காற்று நாளில் ஓட்டுவதற்கானவை அல்ல. அமெரிக்க வானிலைச் சேவை உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கை விட்டிருந்தால் அன்றைக்கு நகராதீர்கள். ஒரு நாள் வீணாயிற்றே என்று புலம்பவும் வேண்டாம். எச்சரிக்கை விடுத்த நாள்தான் புல்லும் மேகமும் உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால், திட்டத்திலேயே ஒரு நாளைக் காற்றுக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எப்போது போவது? ஜூன். புல் பச்சையாக இருக்கும், மலையில் பனி மிச்சம் இருக்கும், லூப்பின் பூக்கள் ஊதாவாகவும் பால்சம்ரூட் மஞ்சளாகவும் பூத்திருக்கும். ஆகஸ்டில் எல்லாம் காய்ந்து பொன்னிறமாகிவிடும். அலை அப்போதும் அழகுதான், ஆனால் காட்டுத்தீப் புகை மலையை மறைத்துவிடுகிற ஆபத்து உண்டு. காற்று ஆவேசமாக இருப்பது குளிர்காலத்தில், அதற்கு ஆர்.வி. சரிப்படாது.

எங்கே தங்குவது என்பதில் இரண்டு எச்சரிக்கை. பிரவுனிங்கைச் சுற்றியுள்ள நிலம் பிளாக்ஃபீட் பழங்குடியினருடையது. ஆள் இல்லாத புல்வெளிதானே என்று நினைத்த இடத்தில் நிறுத்தித் தங்க முடியாது, அனுமதி வேண்டும். அவர்கள் புனிதமாகக் கருதும் சீஃப் மவுண்டன் மலை வடக்கே பாப் ஊர்ப் பக்கம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழைய பாறை, டைனோசர் காலத்து இளம் பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் விசித்திர மலை அது. இன்னொன்று, இந்தப் பக்கம் கிரிஸ்லி கரடிகள் மலையோடு நின்றுவிடுவதில்லை. சமவெளிக்கும் இறங்கி வருகின்றன. சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். பலத்த காற்றில் நாம் வருகிற சத்தம் கரடிக்குக் கேட்காது என்பதால் புதர் ஓரமாக நடக்கும்போது வழக்கத்தைவிட உரக்கப் பேசுங்கள்.

பெரிய ஆர்.வி.யை எடுத்துக்கொண்டு அப்படியே க்ளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையிலும் ஏறிவிடலாம் என்று திட்டமிட்டால், அது நடக்காது. அதன் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதியில்லை; அகலத்தில் பக்கக் கண்ணாடிகளும் சேர்த்தி. வண்டியைச் செயின்ட் மேரி பக்கமே நிறுத்திவிட்டுப் பூங்காவின் ஷட்டில் பேருந்து ஓடுகிறதா என்று பாருங்கள், அதன் ஏற்பாடுகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். இடம் கிடைத்தால் முகாமில் இரண்டு இரவாவது பதிவு செய்யுங்கள். ஒரே இரவு என்றால் சத்தத்துக்குப் பழகுவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும்.