பெல்ஃபாஸ்ட்டின் விக்டோரியா காலக் கட்டிடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் ஏன் இவ்வளவு கட்டித் தள்ளினார்கள்?

பதில்: லினன் (ஆளிநார்த் துணி) ஆலையும் கப்பல் கட்டும் தளமும் கொட்டிய காசு. 1888இல் மாநகர அந்தஸ்து வேறு கிடைத்தது. அதே ஆண்டு கட்டிடக் கலைஞர் லின் வடிவமைத்த மத்திய நூலகமும் திறந்தது.

கேள்வி: இதெல்லாம் கட்டிடக் கலைஞர் சார்ல்ஸ் லான்யன் கட்டியதுதானே?

பதில்: இல்லை. அவருடைய குயின்ஸ் கல்லூரி 1849. கண்ட கட்டிடத்துக்கெல்லாம் லான்யன் பெயரை ஒட்டாதீர்கள்.

கேள்வி: கிரவுன் பாரில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: குடிப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். வாசலிலேயே மொசைக்கில் ஒரு கிரீடம். 1880களில் ஃப்ளானிகன் குடும்பம் புதுப்பித்தபோது ஓடு, வண்ணக் கண்ணாடி, மரச்செதுக்கு என்று இறக்கிவிட்டார்கள். சுவரோரம் பத்துத் தடுப்பறைகள். கதவைச் சாத்திக்கொண்டால் யார் குடிக்கிறார்கள் என்று வெளியே தெரியாது. உள்ளே தீக்குச்சி உரசத் தனி உலோகத் தகடு, ஆளைக் கூப்பிட மணி. 1978 முதல், பழம்பெரும் இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம்.

கேள்வி: டப்ளின் ஜார்ஜியன் வீடுகள் பற்றி?

பதில்: வேறு ஊர், வேறு காலம். தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆபரா ஹவுஸில் யானைத் தலைகள்! அதுவும் லான்யனா?

பதில்: ஃப்ராங்க் மேட்சம். திறந்தது 1895. லான்யன் 1889இலேயே இறந்துவிட்டார். யானை, அன்றைய நாடக அரங்குகளின் கீழைநாட்டு மோகம்.

கேள்வி: சிட்டி ஹால் (மாநகராட்சி மாளிகை) விக்டோரிய பாணிதானே?

பதில்: இல்லை. திறந்தது 1906, விக்டோரியா ராணி இறந்தது 1901.

கேள்வி: வேலை தொடங்கியது 1898. ராணி உயிரோடுதானே இருந்தார்?

பதில்: இருந்தார். ஆனால் கட்டிடத்தைப் பாருங்கள். விக்டோரிய அடையாளங்களான செங்கல், பல நிறக் கல், ஊசிக் கோபுரம் எதுவும் இல்லை. வெள்ளை போர்ட்லண்ட் கல், நடுவே செப்புக் குவிமாடம், மூலைக்கொரு கோபுரம். ப்ரம்வெல் தாமஸ், லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தை மனதில் வைத்துப் போட்டது. விக்டோரியாவுக்கு அடுத்து வந்த ராஜா எட்வர்ட் பெயரால் இந்த ஆடம்பர பாணியை எட்வர்டிய பரோக் என்பார்கள்.

கேள்வி: எட்வர்ட் பட்டத்துக்கு வருமுன் போட்ட வரைபடம் எப்படி எட்வர்டியம்?

பதில்: நல்ல பிடி! ராஜா பெயரைப் பாணிக்கு வைத்தது ஒரு வசதிக்குத்தான். ரசனை 1890களிலேயே திரும்பிவிட்டது, பெயர்தான் பின்னால் வந்தது. தேதி உங்களுக்கு, பாணி எனக்கு.

கேள்வி: ஆல்பர்ட் மணிக்கூண்டு சாய்ந்திருக்கிறதே, லான்யன்...

பதில்: லான்யன் இல்லை, பாரே! டபிள்யூ. ஜே. பாரே என்ற கட்டிடக் கலைஞர்! சாய்வுக்குக் காரணம் அடியில் இருக்கும் ஃபார்செட் ஆற்றுச் சேறு.